கூடு கடன் கொடுத்த பெட்டி டீச்சர்

ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டைக் கடன் கொடுத்துவிட்டு, அது ஒரே ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்பதற்காகப் பல்லடத்திலிருந்து பொங்கலூர் வரை பங்குனி வெயிலில் நடந்தே வந்து வசூல் செய்துகொண்டு போன ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். பஸ் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. திருப்பூரிலிருந்து வந்தவர் பல்லடத்தில் மாற வேண்டிய பஸ் கிளம்ப அரை மணி ஆகும் என்றார்களாம். அரை மணி நேரம் அந்தக் கூடு ஒரு பொறுப்பில்லாதவன் கையில் இருப்பதா என்று நடையைக் கட்டிவிட்டார். பாதி வழியில் அதே பஸ் அவரைத் தாண்டியது. கண்டக்டர் படியில் நின்று கூவிக் கூப்பிட்டும் அம்மையார் ஏறவில்லை. அந்தப் பொறுப்பில்லாதவன் அடியேன்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பெட்டி டீச்சர். போஸ்ட்மேன்கூட அப்படித்தான் சொல்வார். அறுபதுகளில் திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சராக இருந்தார். பள்ளிக்கூட ஹாலுக்குப் பின்புறம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையை எப்படியோ பிடித்து, சுவர் நெடுகப் பலகை அடித்து, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார். எல்லாம் பனியன் கம்பெனி அட்டைப் பெட்டிகள். மூடியில் ‘கை வைத்தது, எண்பத்தைந்து’ என்று அச்சடித்திருக்கும். திறந்தால் உள்ளே ஆந்தை கக்கிய உருண்டை இருக்கும், உருண்டைக்குள் எலியின் எலும்பு இருக்கும். இன்னொன்றில் நொய்யல் நண்டு கழற்றிப் போட்ட ஓடு. இன்னொன்றில் காற்றில் பறக்கிற விதைகள். இன்னொன்றில் பருத்தி, மொட்டிலிருந்து வெடித்த காய் வரைக்கும்.

சுற்றுவட்டாரத்து வாத்தியார் யார் வேண்டுமானாலும் போய்ப் பெட்டி கேட்கலாம். ஒரு வாரம் வைத்துப் பாடம் நடத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. செய்ததற்காக யாரும் ஒரு மெடல் குத்தவும் இல்லை. அந்தப் பெட்டிகள் அத்தனையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்பட இருந்த கதையைத்தான் சொல்ல உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த அம்மாளை நீங்கள் கொஞ்சம் சகித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் சகித்துக்கொண்டோம்.

நான் அப்போது பொங்கலூருக்குப் பக்கத்தில் ஓராசிரியர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பறவைகளின் கூடுகள் பற்றிப் பாடம். கரும்பலகையில் பாடுபட்டு ஒரு கூடு வரைந்தேன். “சார், போண்டாவுங்களா?” என்றான் முன்வரிசைப் பையன். கிண்டல் என்றால் காதைத் திருகியிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறித் திருப்பூர் போய்ப் பெட்டி டீச்சரின் கதவைத் தட்டினேன்.

“கூடு வேணுங்க” என்றேன்.

“கையை நீட்டுங்க.”

நீட்டினேன். உள்ளங்கை, புறங்கை, நகக்கண் எல்லாவற்றையும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரிப் பார்த்தார்.

“மூக்குப்பொடி போடுவீங்களா?”

“இல்லீங்க.”

“கோவம் வருமா?”

“எனக்குங்களா?”

“ஒரு பையன் கூட்டை நசுக்கிப் போட்டான்னு வைங்க. அடிப்பீங்களா?”

நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு.

“அடிக்கறவங்களுக்கு என்ற பெட்டி கிடையாதுங்க. அடிக்குப் பயந்துட்டுப் பிள்ளைங்க தொடாதுங்க. தொடாம என்னங்க பாடம்?”

பழனி முருகன்மேல் சத்தியம் செய்த பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது. வாங்கி வந்தவன், என்னை நானே புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, அதை மேஜைமேல் வைத்து, பிள்ளைகளை இரண்டு முழம் தள்ளி வரிசையில் நிறுத்திப் பார்க்க வைத்தேன். கூட்டிலிருந்து ஒரு நார்கூட உதிரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு சபாஷாவது கிடைக்கும் என்று கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் கூட்டை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

“பிள்ளைங்க கை வாசமே இல்லீங்களே?”

“பத்திரமா வெச்சிருந்தேனுங்க.”

“பத்திரமா வெக்கறதுக்கு இந்த ரூமு போதாதுங்களா? உங்கூருக்கு எதுக்கு அனுப்புனேன்? கடலை தின்ன கை, புளியங்கா தின்ன கை, பல்பம் புடிச்ச கை, ஒண்ணுமே படலீங்களே! கொண்டு போங்க. தொட்டதுக்கு அப்புறமேலுக்குக் கொண்டாங்க.”

வாங்கிய பொருளை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்ததற்காகத் திட்டு வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த இரண்டாவது வாரம்தான் நான் ஒரு நாள் தவறியதும், அவர் நடந்தே வந்து என் பள்ளி வாசலில் நின்றதும். கூட்டின் வால் அதற்குள் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“இப்பத்தானுங்க பாடம் நடத்தியிருக்கீங்க” என்றார். லேட்டானதற்குத் தனியாகத் திட்டினார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்து போனார்.

அவருக்கு அட்டைப் பெட்டிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு ராவுத்தர். பள்ளிக்கு எதிர்ச் சந்தில் சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். மூடி நசுங்கிய பெட்டி, அச்சு கோணலான பெட்டி எல்லாம் டீச்சருக்கு வந்துவிடும். வினையும் அதிலேதான் வந்தது. ஒரு தடவை எனக்கு நண்டுப் பெட்டி அனுப்ப வேண்டும். பொங்கலூர் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி டீச்சர் அதை ராவுத்தர் கம்பெனி வாசலில் வைத்தார். அதே வாசலில் மூட்டை கட்டக் காத்திருந்தது அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பனியன் பெட்டி. பஸ்ஸில் எது ஏறியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“நண்டு பாக்கலாம் வாங்க” என்று நான் மூடியைத் திறந்தால், வெள்ளை வெளேரென்று ஒரு டஜன் பனியன். நான்தான் திகைத்து நின்றேன், பிள்ளைகள் திகைக்கவில்லை. பெட்டியில் வருவதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். தொட்டார்கள், இழுத்தார்கள், போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு முழுவதும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பனியனில் பெரிய மனிதர்களைப் போல உலாவியது.

அங்கே ராவுத்தர், மதுரையிலிருந்து வந்த மொத்த வியாபாரியிடம், “நம்ம சரக்கைக் கையில தொட்டுப் பாருங்க” என்று பெட்டியை நீட்டியிருக்கிறார். மதுரைக்காரர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே பார்க்காமல் கையை விட்டார். வந்தது நண்டுக் கால். மறுநாள் ராவுத்தரும் டீச்சரும் பெட்டியோடு என் பள்ளிக்கு வந்து இறங்கினார்கள்.

“அந்த மனுஷன் போட்டிருந்த செருப்பைக்கூட விட்டுட்டு ஓடிட்டாருங்க டீச்சரம்மா!” என்று ராவுத்தர் வழியெல்லாம் புலம்பியபடி வந்தார்.

டீச்சர் நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க, ஒரு கால் குறையுதுங்களே?”

“என்ற வியாபாரமே போச்சுங்கறேன், நீங்க நண்டுக் காலைக் கேக்கறீங்களே!”

“வியாபாரம் நாளைக்கு வருமுங்க. நண்டு மறுக்கா ஓடு கழட்டற வரைக்கும் நானல்லவா ஆத்துல காத்திருக்கோணும்?”

ராவுத்தருக்குக் கோபம் தலைக்கேறித்தான் இருந்தது. ஆனால் பனியன் போட்ட கூட்டம் அவரைச் சுற்றி நின்று சலாம் வைத்ததும் என்ன நினைத்தாரோ, “போட்டதைக் கழட்டச் சொல்லவா முடியும், விடுங்க வாத்தியாரே” என்று சிரித்துவிட்டார். நண்டுக் கால் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. அதை டீச்சர் மனதுக்குள்ளேயே மதுரைக்காரர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இனிக் கரையானுக்கு வருகிறேன். டீச்சரின் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர், தாளாளரின் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர். அவருடைய பெரிய படம் ஒன்று ஹாலில் மாட்டியிருந்தது. தாளாளர் தோட்டம், தறி, பனியன் கம்பெனி என்று வசதியானவர். மரியாதை தெரிந்தவர். அப்புச்சி என்றால் அவருக்கு உயிர். ஆண்டு விழாவுக்கு மாலை போட வேண்டும் என்று படத்தை இறக்கினால், அப்புச்சிக்கு இடது காது இல்லை. மீசையில் பாதி இல்லை. படத்துக்குப் பின்னால் சுவரெல்லாம் கரையான்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் டீச்சரின் அறை. அங்கே ஒரு பெட்டியில் புற்று மண் கட்டி இருப்பது ஊருக்கே தெரியும். குற்றவாளி யார் என்று ஒரு நிமிஷத்தில் முடிவாகிவிட்டது.

“என்ற பெட்டியில இருக்கறது வெறும் மண்ணுங்க. அதுல இருந்த கரையான் செத்து எத்தனையோ மாசமாச்சுங்க. இது உங்க சுவத்துக் கரையானுங்க” என்றார் டீச்சர். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். மனுஷி படத்தை உற்றுப் பார்த்தார். கண் பளபளத்தது.

“ஏனுங்க, எத்தனை அழகா வரி வரியாத் தின்னிருக்குது பாருங்க! இந்தப் படத்தை எனக்குக் குடுத்தீங்கன்னா ஒரு பெட்டி போட்டறலாமுங்க. கரையானைப் பத்தி இதைவிடத் தெளிவாப் பிள்ளைங்களுக்குக் காட்ட முடியாதுங்க.”

கொங்கு நாட்டில் ஒருவர் குரலை உயர்த்தினால் பயப்பட வேண்டியதில்லை. பேச்சில் ‘ங்க’ கூடினால்தான் உஷாராக வேண்டும். தாளாளர் கைகூப்பினார்.

“டீச்சருங்க தப்பா நெனைக்கப்படாதுங்க. அந்த ரூமு நமக்கு நூல் மூட்டை போடறதுக்கு வேணுமுங்க. பெட்டி அத்தனையும், வெளியூரு போனதுஞ் சேர்த்து, ஒட்டுக்கா வரவழைச்சு வெச்சிருங்க. வர்ற சனிக்கிழமை காத்தால வர்றனுங்க. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திரலாமுங்க. ஒண்ணு மிச்சமிருந்தாலும் பரவுமுங்க பாருங்க.”

“சரீங்க” என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

அந்த வாரம் அவர் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். என் பள்ளிக்கும் வந்தார். என்னிடம் மறுபடியும் அந்தக் கூட்டுப் பெட்டி இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டி வந்துரோணும் வாத்தியாரே.”

“தவணை இன்னும் முடியலீங்களே டீச்சர்? என்ன அவசரம்?”

“கொளுத்தறதுக்குங்க.”

நடந்ததையெல்லாம் பாடம் நடத்துகிற குரலில் சொல்லி முடித்தார். “குடுக்க முடியாதுன்னு சொல்லீருங்க டீச்சர். அவுங்க அப்புச்சி காதைத் தின்னது நீங்களா?” என்று கத்தினேன்.

“வெச்சிருந்தது அவுங்க ரூமுலீங்க. எடத்தைக் குடுத்தவங்க கேட்டா எடுத்துக் குடுக்கோணுமல்லங்க? ஒரு நாள் லேட்டுக்கு உங்களை எத்தனை பேச்சுப் பேசுனேன். எனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

சொல்லிவிட்டுக் கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிய்ந்த வாலை முடி கோதுகிற மாதிரிக் கோதினார். அப்போதுதான் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் நின்றது. எமனிடமே பெட்டியைத் திருப்பிக் கேட்கக்கூடிய மனுஷி அழுததைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்குத் தனிச் சட்டம் கிடையாதுதான். ஆனால் அவரிடம் இன்னொரு சட்டம் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடம் நடத்தப் பெட்டி வேண்டும் என்று வந்து நிற்கிற வாத்தியாரை அவர் வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. நான் பல்லடம் பஸ்ஸில் ஒரு வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அவர் மங்கலம் பஸ்ஸில் இன்னொருவரிடம் சொன்னார். வாத்தியார்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் தந்தி ஆபீஸே தேவையில்லை.

வெள்ளிக்கிழமை பொழுதோடு நான் டீச்சரின் அறைக்குப் போனபோது வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. ஒருத்தர் கையிலும் திருப்பிக் கொடுக்கப் பெட்டி இல்லை. முழுப் பரீட்சை முடிந்து லீவு விடப் போகிற நேரம், பாடமே கிடையாது. அது டீச்சருக்கும் தெரியும்.

முதலில் நின்றவர் மங்கலம் தமிழ்ப் பண்டிதர்.

“உங்களுக்கு என்னங்க வேணும்?”

“ஆந்தைப் பெட்டிங்க அம்மா.”

“தமிழ்ப் பாடத்துக்கா?”

“ஆந்தையும் தமிழ்நாட்டுலதானுங்களே இருக்குது” என்றார் பண்டிதர்.

அடுத்து டிரில் மாஸ்டர். “பறக்கற விதைப் பெட்டிங்க. பசங்களுக்கு ஓட்டப் பந்தயம் வெக்கோணும்.”

“விதையோடவா ஓடப் போறாங்க?”

“காத்தடிச்சா ஓடித்தானுங்க ஆகோணும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஜாதி நாங்கள். எங்களால் முடிந்த பொய் அவ்வளவுதான். மூன்றாவதாக நின்ற கணக்கு வாத்தியாருக்கு அதுவும் வரவில்லை. “எதாச்சு ஒண்ணு குடுங்க டீச்சர்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வரிசையைப் பார்த்தார். வரிசைக்குக் கடைசியில் பராக்குப் பார்ப்பது போல நின்ற என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கணக்கு வாத்தியாரிடம் சொன்னார்:

“கையை நீட்டுங்க.”

அன்றைக்கு ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. ஒவ்வொரு கையையும் திருப்பிப் பார்த்துத்தான் பெட்டி கொடுத்தார். டிரில் மாஸ்டரைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். கடைசியில் புற்று மண் பெட்டி மட்டும் யாரும் சீண்டாமல் கிடந்தது. ராவுத்தர் உள்ளே வந்தார்.

“நான் வாத்தியார் இல்லீங்க டீச்சரம்மா. ஆனா நம்ம கம்பெனியில பொடிசுக கொஞ்சம் வேலை பாக்குதுங்க. மத்தியானம் சோத்து நேரத்துல காட்டலாமுங்களா?”

“கரையானுங்க. கம்பெனிக்குள்ள வெச்சுக்கப் பயமில்லீங்களா?”

“நீங்க செத்ததுன்னு சொன்னீங்களே, அப்புறமென்னங்க பயம்?” என்றார் ராவுத்தர். டீச்சர் சொன்னதை அந்த ஊரில் முதன்முதலாக நம்பிய மனிதர் அவர்தான்.

மறுநாள் காலையில் தாளாளர் வந்தார். பின்னால் மண்ணெண்ணெய் டின்னோடு ஓர் ஆள். நானும் ராவுத்தரும் சும்மா அந்தப் பக்கம் வந்தவர்கள் போலக் கதவருகே நின்றோம். அறையில் பலகைகள் மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தன.

“பெட்டியெல்லாம் எங்கீங்க டீச்சர்?”

“கடனுக்குப் போயிருக்குதுங்க.”

“யாராருகிட்டீங்க?”

“எழுதி வெக்கற பழக்கமில்லீங்க.”

அது சத்தியமான வார்த்தை. எந்தப் பெட்டி எந்த ஊரில் யார் மேஜையில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளே இருந்தது. தலைக்குள் இருக்கிறதா என்று தாளாளர் கேட்கவில்லை.

“சரீங்க, எப்பத்தான் வருமுங்க?”

பெட்டி டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“வர்றப்ப வருமுங்க” என்றார்.

ராவுத்தருக்குப் புரைக்கேறிவிட்டது. தாளாளர் எங்கள் இருவரையும் பார்த்தார், காலிப் பலகையைப் பார்த்தார், டீச்சரின் முகத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அவர் கோபமெல்லாம் அப்புச்சி காதோடு சரி. “நூல் மூட்டைக்கு எடமாச்சுங்களே, அது போதுமுங்க” என்று டின்காரனை வீட்டுக்கு அனுப்பினார். படியிறங்கியவர் திரும்பி நின்றார்.

“அந்த ஆந்தை உருண்டைன்னு என்னமோ சொல்றாங்களே, அதை நான் பாத்ததே இல்லீங்க.”

“பாக்கலீங்களா? மங்கலத்துல...” என்று ஆவலாக ஆரம்பித்த டீச்சர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தாளாளர் காது கேளாதவர் போல நடந்துவிட்டார்.

சுவர்க் கரையான் அந்த மழைக்காலத்திலேயே மறுபடியும் கிளம்பி வந்து நூல் மூட்டைச் சாக்கைத் தின்றது. அதைப் பற்றித் தாளாளரும் பேசவில்லை, டீச்சரும் பேசவில்லை.

அறை போனது போனதுதான். பெட்டிகள் எங்கள் பள்ளிகளிலேயே தங்கிவிட்டன. மங்கலத்து ஆந்தை எனக்கு வரும், என் கூடு பல்லடம் போகும், நாங்களே எங்களுக்குள் மாற்றிக்கொண்டோம். டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருப்பூரில் இருப்புக்கொள்ளாது. மகளைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போகிறவரைப் போல ஒரு பையில் பொரிகடலை வாங்கிக்கொண்டு, ஏதாவது ஓர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். என் பள்ளிக்கும் வருவார். தூசிக்காக என்னைத் திட்டுவார். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுப் பெட்டியை நடுவில் வைத்துத் தரையில் உட்கார்ந்துகொள்வார். கடைசி பஸ்ஸுக்கு நான்தான் கிளப்பி அனுப்ப வேண்டும்.

எந்த ஞாயிறு வருவார் என்று சொல்லவே மாட்டார். உடுமலைப்பேட்டையில் இருந்த என் அம்மா, “ஞாயிற்றுக்கிழமை லீவுதானே கண்ணு, வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போனா என்ன?” என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்புவார். எனக்கு வேலை இருக்கிறது என்பேன். எனக்குப் பெண் பார்க்கப் போனதுகூட ஒரு புதன்கிழமை, லீவு போட்டுவிட்டு. டீச்சர் அவ்வளவு தூரம் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று, அந்தப் பள்ளியில் இருந்த வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் ஊருக்குப் போகவில்லை.